முதல் இலைக்காரர்

"எம் மகன் நேத்து மத்தியானம் காலேஜுக்கு வரலைன்னு மெசேஜ் போட்டிருக்கீகளே, அப்ப அவன் எங்கதான் போனான்னு நீங்களே சொல்லிருங்க சார்!"

புள்ளியியல் உதவிப் பேராசிரியர் தனிஸ்லாஸ் கைப்பேசியைக் காதை விட்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பேசியவர் ஒச்சாயி, மூன்றாமாண்டு மாணவன் விக்ரமின் அம்மா. அவருக்கு ஃபோனே தேவையில்லை. திருமங்கலத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே கல்லூரி வரைக்கும் கேட்கும்.

"அம்மா, உங்க பையன் வந்தான்மா. மெசேஜ்தான் ஏதோ மாறி வந்திருச்சு."

"வந்தானா? நீங்க உங்க கண்ணால பாத்தீகளா?"

தனிஸ்லாஸ் கைப்பேசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். நேற்று மத்தியானம் அவர் தம் கண்ணால் பார்த்ததெல்லாம் சோழவந்தானில் ஒரு பிரியாணி அண்டாவைத்தான்.

"பாத்தேன்மா. முன்வரிசையிலதான் உக்காந்திருந்தான்."

"அப்பச் சரி. அதான பாத்தேன். ராத்திரி வந்து சோறே வேணாம்னுட்டுப் படுத்துட்டான். அம்புட்டு அசதி. படிச்சுப் படிச்சு வயிறே சுருங்கிப் போச்சு எம் பிள்ளைக்கு."

ஃபோனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு. அதற்கடுத்தும் அழைப்பு. எல்லோருக்கும் ஒரே செய்தி போயிருந்தது: 'தங்கள் பிள்ளை நேற்று பிற்பகல் வகுப்புக்கு வரவில்லை.' வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேர் வீட்டுக்கும் அதே வாசகம்.

நடந்ததைச் சொல்லிவிடுவோம். தனிஸ்லாஸ் கெட்ட மனிதர் இல்லை. டி. கல்லுப்பட்டி சாலையில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில் அவருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. தற்காலிகக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமானால் பேராசிரியர். ஆகாவிட்டால் சிம்மக்கல்லில் மாமனாரின் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரக் கடை. இவர் வருவதற்கு முன்பே மாமனார் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார். போகும்போதும் வரும்போதும் அந்த ஸ்டூலைத் துடைத்தபடி, "மாப்ள, இது உங்களுக்காகத்தான்" என்று வேறு சொல்வார். சிவப்பு வாளிகளுக்கும் பச்சைக் குடங்களுக்கும் நடுவே அந்த ஸ்டூலைக் கனவில் கண்டு தனிஸ்லாஸ் பலமுறை விழித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட வாரத்தில்தான் மனைவி ஜெனியின் சித்தப்பா சோழவந்தானில் புது வீடு கட்டி, வியாழக்கிழமை மத்தியானம் பங்குச் சாமியாரை வைத்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க நாள் குறித்தார்.

"நீங்க வரலைன்னா எங்க அப்பா என்னங்க நினைப்பாரு?" என்று கேட்டாள் ஜெனி.

என்ன நினைப்பார் என்பது தனிஸ்லாஸுக்கும் தெரியும். ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே நினைப்பார்.

எடுப்பதற்கு விடுப்பு இல்லை. ஆனால் வியாழன் மத்தியானம் மூன்றாமாண்டுக்கு கம்ப்யூட்டர் லேப் வகுப்பு. அந்த லேப் இருப்பது சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டிப் பின்பக்கக் கட்டடத்தில். அங்கே பூனைகூடப் போகாது. தனிஸ்லாஸ் காலையில் கையெழுத்துப் போட்டார், காலை வகுப்புகளை எடுத்தார், மத்தியானம் பின்கேட் வழியாக பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். பையன்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள், சார் வராவிட்டால் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள், சார் வரவில்லை என்று புகார் சொல்லும் மாணவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய கணக்கு. பிரியாணி சாப்பிட்டதும் திரும்பிவிடலாம் என்றுதான் போனார். சாப்பிட்டபின் சித்தப்பா வீட்டு மாடியில் காற்று வந்தது. கயிற்றுக் கட்டிலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வருகைப் பதிவை நிரப்ப உட்கார்ந்தார். நாற்பது பேரும் வந்தார்கள் என்று போட்டால் எந்தப் பிரின்சிபாலும் நம்பமாட்டார். ஒருவனாவது வராமல் இருந்தால்தான் அது வகுப்பு. முதல் பெயரே அருண்பாண்டி. மத்தியானமானால் மாயமாகிறவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவன். அவனுக்கு ஆப்சென்ட் என்று 'ஏ' போட்டார். மற்ற எல்லோருக்கும் பிரசென்ட் என்று 'பி' போட்டார். தம் பொய்யில் இவ்வளவு நேர்த்தி இருப்பது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்து, பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பும் வேலை. அங்கேதான் வந்தது வினை.

அந்தச் செய்திகளை எழுதித் தரும் புரோகிராமை 'ஆர்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் தனிஸ்லாஸ்தான். பழைய பாணி புரோகிராம் அது. முதல் பெயரை எடுக்கும், வந்தானா வரவில்லையா என்று பார்க்கும், செய்தி எழுதும், அடுத்த பெயருக்குப் போகும். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவராக. அதற்குப் பெயர் லூப். மெதுவாகப் போனாலும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை ஊழியர் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது, போன வருடம் சேர்ந்த ஆலன் என்கிற இளைஞன் பிரின்சிபால் முன்னாலேயே சிரித்துவிட்டான்.

"அண்ணே, இன்னுமா லூப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீங்க? எல்லாம் வெக்டரைஸ்டு ஃபங்ஷன்ணே இப்ப. மொத்த வரிசையையும் ஒரே தூக்கா தூக்கிக் குடுங்க. அதுவே அம்புட்டுப் பேருக்கும் பாத்துக்கும்."

பிரின்சிபால் தங்கம் மேடம் கண்ணாடிக்கு மேலே தனிஸ்லாஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஸ்டூல் தெரிந்தது.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் தனிஸ்லாஸ் லூப்பைத் தூக்கி எறிந்தார். லூப்புக்குள்ளே இருந்த, வந்தானா வரவில்லையா என்று பார்க்கிற 'இஃப்' என்ற வரியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, நாற்பது பேரின் வருகையையும் ஒரே தூக்காக அதனிடம் கொடுத்தார். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. எச்சரிக்கை. பிழை என்றால் அவரும் பயந்திருப்பார். எச்சரிக்கைதானே! 'மெதுவாகச் செல்லவும்' போர்டைப் பார்த்து மதுரையில் யார் மெதுவாகச் சென்றார்கள்? புதுப் பதிப்பாக இருந்தால் அந்த மொழி, செய்யமாட்டேன் என்று அங்கேயே நின்றிருக்கும். லேப்பில் இருந்தது அரதப்பழசு. மரியாதைக்கு ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டுச் சொன்ன வேலையைச் செய்துவிட்டது.

நாற்பது வீட்டிலும் கைப்பேசி ஒலித்தது.

பதினோரு மணிக்குள் தனிஸ்லாஸுக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்வது என்பதும் ஒரு லூப்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. எந்தப் பெற்றோராவது மகனைக் கூப்பிட்டு விசாரித்து, அவன் கோபத்தில், "நாங்க இருந்தோம், சார்தான் வரல" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால்? அதற்கு முன்னால் திருத்தச் செய்தியை அனுப்பிவிட வேண்டும்.

புரோகிராமைத் திறந்து வெறித்துப் பார்த்தார். ஏன் எல்லோரும் 'வரவில்லை' ஆனார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் முதலில் இருப்பவன் அருண்பாண்டி, அவன் ஒருவன்தான் 'ஏ', ஆகவே ஏழரை அவனிடமிருந்துதான் தொடங்குகிறது என்ற அளவுக்குப் புரிந்தது. உடனே அருண்பாண்டிக்கும் 'பி' போட்டார். ஒரு பையன் கூடுதலாக வந்ததால் யாருக்கு என்ன நட்டம்? புரோகிராமை ஓட்டினார். சிவப்பு எழுத்து மறுபடியும் முணுமுணுத்தது, ஆனால் எல்லோரும் 'வந்திருந்தார்' என்று ஆனார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையில் மனம் புண்பட்ட பெற்றோர்களிடம் 'தங்கள் பிள்ளை' என்று மொட்டையாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பாசமாக இருக்கட்டும் என்று 'அன்பு மகன்', 'அன்பு மகள்' என்று இரண்டு சொற்களையும் புரோகிராமிடம் கொடுத்தார். யாருக்கு எது என்று சொல்லவில்லை. மொத்தமாகக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றுதானே ஆலன் சொன்னான்!

அது பார்த்துக்கொண்டது. முதல் பெயருக்கு மகன், இரண்டாவதற்கு மகள், மூன்றாவதற்கு மகன், நான்காவதற்கு மகள் என்று கடைசிவரை மாற்றி மாற்றிப் பாசம் காட்டியது. இதற்கு ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை. தனிஸ்லாஸ் நிம்மதியாக அனுப்பிவிட்டு, கேன்டீனில் டீயும் உளுந்து வடையும் சொல்லி உட்கார்ந்தார்.

வடையைப் பிய்ப்பதற்குள் ஒச்சாயியின் குரல் கேட்டது. ஃபோனில் அல்ல, கல்லூரி வாசலில்.

"யாருய்யா அந்தத் தனிசுலாசு? 'உங்கள் அன்பு மகள் விக்ரம்'னு அனுப்பியிருக்காரு! முளைக்காத மீசைய முளைக்க வைக்க எம் பிள்ளை கண்ணாடி முன்னால தவம் கிடக்கான், இவரு மகளாக்கிட்டாரு!"

ஒச்சாயிக்குப் பின்னாலேயே காக்கிச் சட்டையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார் அழகுபாண்டி. அவர் கத்தவில்லை. கிட்டத்தட்ட அழுதார்.

"சார், எனக்கு மூணும் பொம்பளப் பிள்ளைக. மூணாவது சரண்யாதேவி உங்கக்கிட்டத்தான் படிக்குது. 'உங்கள் அன்பு மகன்'னு மெசேஜ் வந்திருக்கு. எம் பொண்டாட்டி அதுக்கு மேல படிக்கவே இல்ல சார். யாருய்யா அந்த மகன், எந்த ஊருல வச்சிருக்கன்னு கேட்டு வீட்டைப் பூட்டிட்டு நிக்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் நான் மத்தியானச் சோறு திங்க முடியும்."

அரைமணி நேரத்தில் வராந்தா நிறைந்துவிட்டது. வகுப்பில் சரிபாதிப் பேருக்குச் சரியான செய்தி போயிருந்தது என்று தனிஸ்லாஸ் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

ஆலன் வந்து தோளைத் தொட்டான். "அண்ணே, மேடம் கூப்பிடுறாங்க."

தங்கம் மேடம் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். அதனால்தான் எல்லோரும் பயந்தார்கள்.

"தனிஸ்லாஸ், உங்க நிரந்தர உத்தரவு என் மேசையிலதான் இருக்கு. காலையிலயே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப என்னடான்னா வரலைங்கிறீங்க, வந்தாங்கங்கிறீங்க, மகளுங்கிறீங்க, மகனுங்கிறீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நேத்து மத்தியானம் அந்த கிளாஸ் நடந்துச்சா?"

"நடந்துச்சு மேடம்."

"அப்ப மூணு மணிக்குப் பெத்தவங்களை உக்கார வச்சு, பிள்ளைகளையும் கூப்பிட்டு, அவங்க வாயாலேயே கேட்டுருவோம். முடிஞ்சதும் கையெழுத்து."

பிள்ளைகள் வாயால்! நாற்பது வாய். அதில் ஒரு வாய் உண்மை பேசினால் போதும், சிம்மக்கல்தான். அருண்பாண்டி இன்றும் வரவில்லை என்பதால் முப்பத்தொன்பது வாய். அதொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

வகுப்பறைக்குப் போனார். அவர் நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. வழக்கமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து இருமினால்தான் எழுந்திருப்பார்கள். இன்று எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். தம்மை நேரில் பார்க்கவே கூசுகிறார்கள் என்று அவருக்கு வேதனையாக இருந்தது.

"நேத்து மத்தியானம் நடந்தது..." என்று தொடங்கினார். "நடந்தது நடந்துபோச்சு."

"ஆமா சார்," என்றது வகுப்பு, தரையைப் பார்த்தபடி.

"மனுசன்னா தப்புப் பண்ணுவான்."

"ஆமா சார்."

"ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்காம இருக்குறதுதான் பெரிய மனசு."

தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அந்த முகங்களில் பரவிய வெளிச்சத்தை அவர் தம் வாழ்நாளில் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. இரண்டாவது பெஞ்சில் இருந்த ஆர்த்திகா, வகுப்பிலேயே கெட்டிக்காரி, மெதுவாகக் கேட்டாள்.

"பிரின்சிபால் மேடம் கேட்டா, கிளாஸ் நடந்துச்சு, நாங்க எல்லாரும் இருந்தோம்னு சொல்லலாமா சார்?"

தனிஸ்லாஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளையா இத்தனை நாள் தறுதலைகள் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்! அவமானமாக இருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார், குரல் உடைந்து.

விக்ரம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், இந்த உதவிய நாங்க செத்தாலும் மறக்க மாட்டோம் சார்."

"அது நான் சொல்ல வேண்டியதுப்பா."

"இல்ல சார், நாங்கதான் சொல்லணும்."

எவ்வளவு பணிவு! தனிஸ்லாஸ் கைக்குட்டையைத் தேடினார்.

"சார், ஒண்ணு," என்றாள் ஆர்த்திகா. "நேத்து என்ன நடத்துனீங்கன்னு கேட்டா?"

"வெக்டரைஸ்டு ஃபங்ஷன்மா. நேத்துக்கு அதுதான் பாடம்."

"சரி சார்." அவள் கைப்பேசியை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். சாருக்காக எவ்வளவு மெனக்கெடுகிறது இந்தப் பிள்ளை என்று அவர் நெகிழ்ந்து போனார்.

மூன்று மணிக்குப் பிரின்சிபால் அறையில் மின்விசிறி சுற்றியும் வேர்த்தது. ஒருபக்கம் பெற்றோர்கள், எதிர்ப்பக்கம் மாணவர்கள். நடுவே தனிஸ்லாஸ். மேசைமேல் உத்தரவு, அதன்மேல் தங்கம் மேடத்தின் பேனா.

"நேத்து மத்தியானம் உங்களுக்கு லேப் நடந்துச்சா?"

"நடந்துச்சு மேடம்!" முப்பத்தொன்பது குரல், ஒரே குரல்.

"சார் வந்தாரா?"

"வந்தாரு மேடம்!"

"நீங்க?"

"எல்லாரும் இருந்தோம் மேடம்!"

மேடம் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுப்பிக் கேட்பார் என்றுதான் தனிஸ்லாஸ் பயந்துகொண்டிருந்தார். கேட்டிருந்தால் பத்தாவது ஆளுக்குள் யாராவது உளறியிருப்பான். மொத்தமாகக் கேட்டதால் மொத்தமாகப் பதில் வந்தது. மொத்தமாகச் செய்வதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருப்பதை ஆலன் சொல்லவே இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் தங்கம் மேடம் அத்தனை சுலபத்தில் விடுகிறவர் அல்ல. "என்ன நடத்துனாரு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. பெத்தவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லணும்."

ஆர்த்திகா முன்னால் வந்தாள்.

"வெக்டரைஸ்டு ஃபங்ஷன் மேடம். இப்ப ஒரு பந்தின்னு வச்சுக்குங்க. வரிசையா இலை போட்டு ஆளு உக்காந்திருக்கு. லூப்புங்கிறது ஒவ்வொரு இலைக்கா நின்னு, வேணுமா வேணாமான்னு கேட்டு வைக்கிறது. வெக்டரைஸ்டு ஃபங்ஷனுக்கு அந்த நடையே கிடையாது. மொத்த வரிசையையும் ஒரே தடவையா குடுத்தாப் போதும், வேணுங்கிற இலையில விழும், வேணாங்கிற இலையில விழாது. அவங்கவங்களுக்கு உரியது அவங்கவங்களுக்கு."

"ஓகோ," என்றார் ஒச்சாயி. பந்தி என்றதும் பெற்றோர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஆனா எல்லாமே அப்படிச் செய்யாது மேடம். 'இஃப்'னு ஒண்ணு இருக்கு. அது முதல் இலையில இருக்குறவரை மட்டுந்தான் பாக்கும். அவரு எனக்குக் கறி வேணாம்னுட்டா, அந்த வரிசைக்கே கறி கிடையாதுன்னு வாளியத் தூக்கிட்டுப் போயிரும்."

தனிஸ்லாஸ் வாயைப் பிளந்தார். முதல் இலை அருண்பாண்டி! அவனுக்கு 'ஏ', ஆகவே வரிசைக்கே 'ஏ'. பிறகு அவனுக்கு 'பி', ஆகவே வரிசைக்கே 'பி'. அந்தச் சிவப்பு எழுத்து காலையிலிருந்து இதைத்தானே முணுமுணுத்தது! மூன்று வருடமாகத் தாம் நடத்திவரும் பாடம் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அதுவும் தாம் நடத்தாத வகுப்பிலிருந்து.

"இன்னொண்ணு மேடம். வரிசை பெருசு, கொண்டாந்த வாளி ரெண்டுதான், ஒண்ணுல கறி, ஒண்ணுல எலும்புன்னா, அது யோசிக்காது. ஒரு இலைக்குக் கறி, அடுத்த இலைக்கு எலும்புன்னு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே போயிரும். அதுக்கு ரீசைக்ளிங்னு பேரு. மகன், மகள் மாறி வந்தது அதனாலதான்."

"அப்ப எனக்கு வேற மகன் இல்லைன்னு இந்தப் பாடத்துலயே இருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார் அழகுபாண்டி. "இதை அப்படியே எம் பொண்டாட்டிக்கிட்ட வந்து சொல்லும்மா."

அறை சிரித்தது. தங்கம் மேடமும் சிரித்தார். அவர் சிரித்ததைத் தனிஸ்லாஸ் அன்றுதான் பார்த்தார்.

"மெசேஜ் தப்புத்தான்," என்றார் மேடம். "ஆனா கம்ப்யூட்டர் தப்பு. இப்படிச் சோத்துப் பந்தியை வச்சு விளக்குற அளவுக்குப் பிள்ளைகளுக்குப் புரிய வச்சிருக்காருன்னா, நேத்து ரொம்ப நல்லா நடத்தியிருக்காரு." அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "தனிஸ்லாஸ், நீங்க எங்களுக்கு வேணும்."

மனக்கண்ணில் சிம்மக்கல் ஸ்டூல் மெல்லக் கரைந்தது. அதன்மேல் வேறு யாரோ ஒரு மருமகன் உட்கார்ந்து வாளி எண்ணிக்கொண்டிருந்தான். தனிஸ்லாஸ் மாணவர்களைப் பார்த்தார், மாணவர்கள் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நன்றியில் கண் கலங்கியது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். தோளில் மஞ்சள் கறை படிந்த துண்டு, கையில் கைப்பேசி.

"கும்புடுறேன்மா. எம் பேரு சங்கிலி. அருண்பாண்டியோட அப்பன். எனக்கு ஒரு நியாயம் வேணும்."

"சொல்லுங்கய்யா."

"காலையில எம் மகன் காலேஜுக்கு வரலைன்னு மெசேஜ் வந்துச்சு. சரி, உள்ளதைத்தான சொல்றாகன்னு விட்டுட்டேன். மத்தியானம் பாத்தா, 'உங்கள் அன்பு மகன் அருண்பாண்டி நேற்று வகுப்புக்கு வந்திருந்தார்'னு இன்னொண்ணு. எப்படிம்மா வந்திருப்பான்? நேத்து எங்க ஊருல எம் மகளோட பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? அந்தத் தாய்மாமன் இவன்தான். நேத்து வர முடியாத சம்பந்தி வீட்டாளுக அந்த மெசேஜைப் பாத்துப்புட்டு, அப்ப யாரு மடியில குத்துனீகன்னு வம்புக்கு நிக்கிறாக. அவன் வரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்புடணும். பொய்யா வந்தான்னு போட்டுக்குற வருகை எங்களுக்கு வேணாம்மா."

தனிஸ்லாஸ் முந்திக்கொண்டார். உண்மையைச் சொல்வதற்கு அன்று முழுதும் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. "ஆமாங்கய்யா, உங்க பையன் வரல. அவன் ஒருத்தன் மட்டுந்தான் வரல. ரெண்டாவது மெசேஜ் தப்பு. நானே இன்னொரு மெசேஜ் போட்டுர்றேன்."

"அவ்வளவுதானே?" என்றார் தங்கம் மேடம். "அருண்பாண்டி மட்டும் ஆப்சென்ட். மத்த எல்லாரும் கிளாஸ்ல இருந்தாங்க. தீந்துச்சு." பேனாவை உத்தரவின்மேல் வைத்தார்.

மாணவர்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. முன்னால் நின்ற ஆர்த்திகா நழுவி நழுவிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள். விக்ரம் தன் அம்மாவின் சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஒடுங்கினான். சுவர் ஓரமாக ஒருவன் பின்னால் ஒருவன் ஒளிந்ததில், கடைசியில் ஒளிய ஆளில்லாமல் ஒருவன் அலமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றான். பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று தனிஸ்லாஸுக்குப் புரியவில்லை.

யாரைப் பார்த்து இப்படி ஒளிகிறார்கள் என்று சங்கிலியும் திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது. விருந்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்கிற மலர்ச்சி அது. ஒச்சாயியின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அடடே, விக்ரம் தம்பி! வயிறு இப்பத் தேவலையா?" என்று கேட்டுவிட்டு, பிரின்சிபாலிடம் திரும்பிச் சொன்னார்: "என்னம்மா இப்படிச் சொல்றீக, எம் மகன் மட்டுமா வரல? நேத்து மத்தியானம் இந்த அம்புட்டுப் பேரும் எங்க வீட்டுப் பந்தியிலதான உக்காந்திருந்தாக, முதல் இலையிலருந்து கடைசி இலை வரைக்கும் நான்தான கறி அள்ளி வச்சேன்!"